மிஷின் போச்சு என்று சொல்வதற்கு முன்பு

பாளையங்கோட்டையில் செவித்திறன் பரிசோதகராக நான் வேலைக்குச் சேர்ந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் என் மேசைக்கு வந்தவர்களில் பலர் சொன்ன முதல் வாக்கியம், "மிஷின் போச்சு, புதுசு பாக்கணும்" என்பதுதான். எங்கள் பக்கத்தில் செவித்துணைக் கருவி என்று யாரும் சொல்வதில்லை. அது காது மிஷின். சுருக்குப்பையிலிருந்தோ, மாத்திரை டப்பாவிலிருந்தோ, வேட்டி மடிப்பில் முடிந்த கைக்குட்டையிலிருந்தோ அதை எடுத்து என் முன்னால் வைப்பார்கள். அது உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துச் சொல்லும் வேலையை, ஒரு தவறு செய்த பிறகுதான் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் முக்கூடலிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். சுளகை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பீடி சுற்றுகிறவர். "சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வார மாதிரி இருக்கு தாயி" என்றார். மிஷின் வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு ஆயுள் என்று படித்திருந்த நான், பேட்டரியை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, ஆயுள் முடிந்துவிட்டது, புதிதாக வாங்குவதுதான் நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அவருடைய மகன் வட்டிக்கு வாங்கிய பணத்தோடு வந்தார். அன்று என் அதிர்ஷ்டத்துக்கு எனக்கு மூத்த பரிசோதகர் மேசையில் இருந்தார். அவர் பழைய மிஷினைக் கையில் வாங்கி, காதில் வைக்கும் மோல்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். மோல்டுக்கும் மிஷினுக்கும் நடுவிலுள்ள குழாய் மஞ்சளித்து விறைத்திருந்தது. அதன் வளைவில் வியர்வை நீர் ஒரு துளி நின்றது. மைக்கின் வாயில் பீடித்தூள் பழுப்பாக அப்பியிருந்தது. புதுக் குழாயை வெட்டி மாட்டி, சிறு தூரிகையால் தூளைத் தட்டி எடுத்து, கேட்டுப் பார்க்கும் குழாயை என் காதில் மாட்டிவிட்டு அவர் ஒன்றுமே சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம்கூடத் தெளிவாக விழுந்தது. ஆச்சி அதே மிஷினை மேலும் நான்கு ஆண்டுகள் மாட்டினார். பணம் கடன் கொடுத்தவரிடமே திரும்பிப் போனது. ஆனால் அதற்கான வட்டி போனது போனதுதான். அந்த வட்டிக்கு நான்தான் காரணம் என்பதை இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு மிஷினின் வயதை நான் கடைசியில்தான் கேட்கிறேன். முதலில் வந்தவரின் காதுக்குள் விளக்கை அடித்துப் பார்ப்பேன். குறும்பி அடைத்திருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த மிஷினும் அதைத் தாண்டி ஒன்றும் செய்ய முடியாது. அதுமட்டுமல்லாமல், உள்ளே போக வழியில்லாத சத்தம் திரும்பி வந்து மைக்கில் விழுந்து, மிஷின் விசிலடிக்கத் தொடங்கும். விசிலடிக்கும் மிஷின்களில் பாதி பழுதானவை அல்ல, குறும்பியாலோ தளர்ந்துபோன மோல்டாலோ கத்துபவை என்பது என் அனுபவம். அடுத்தது குழாய். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் மூன்று முதல் ஆறு மாதங்களில் அதை மாற்றிவிடுவது நல்லது; அதன் விலை ஒன்றும் பெரிதில்லை. பிறகு பேட்டரி. இது காற்றை உள்ளே வாங்கி வேலை செய்யும் பேட்டரி, ஆகவே ஸ்டிக்கரை உரித்த பிறகு ஒரு நிமிடமாவது வெளியே வைத்திருந்து மாட்ட வேண்டும். உரித்த ஸ்டிக்கரை மறுபடி ஒட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உரித்த கணத்திலிருந்தே அது செலவாகத் தொடங்கிவிடுகிறது. 13ஆம் எண்ணுக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர், 675க்கு நீல ஸ்டிக்கர். எண் மறந்துவிட்டாலும் நிறத்தைச் சொல்லி வாங்குங்கள் என்று பெரியவர்களிடம் சொல்வேன்.

இவையெல்லாம் முடிந்த பிறகு மிஷினை என் காதில் வைத்து, ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லிக் கேட்பேன். மனிதப் பேச்சின் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். 'ஆ' கேட்டு 'ஸ்' கேட்காமல் போனாலோ, குரல் கரகரத்து வந்தாலோ, அளவிடும் பெட்டிக்குள் வைத்து எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் வெளியே வருகிறது என்று பார்ப்பேன். மிஷின் போனதா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்லும் தகுதி அந்தப் பெட்டியின் வரைகோட்டுக்குத்தான் உண்டு, ஐந்து ஆண்டு என்ற எண்ணுக்கு இல்லை.

மிஷின் நன்றாக இருந்து காது மாறியிருந்தால் நிலைமை வேறு. வயதாவதால் வரும் கேட்புக் குறைவு உயர்ந்த ஒலிகளையே முதலில் தின்னும். உயிரெழுத்துகள் கேட்கும், வல்லெழுத்துகள் தேய்ந்துபோகும். 'கட்டு', 'தட்டு', 'பட்டு' மூன்றும் ஒன்றுபோலக் கேட்கிறவர், "சத்தம் கேக்கு, என்ன சொல்லுதாவன்னு வெளங்கல" என்று சொல்வார். வீட்டில் உள்ளவர்கள் கவனக்குறைவு என்று அவரைக் கடிந்துகொள்வார்கள். அது மிகவும் அநியாயம். ஆண்டுக்கு ஒருமுறை தாழ்ந்த ஒலியான 250 ஹெர்ட்ஸ் முதல் உயர்ந்த ஒலியான 8,000 ஹெர்ட்ஸ் வரை கேட்பை அளந்து, பழைய கேட்பு வரைபடத்தின், அதாவது ஆடியோகிராமின், மேல் புதியதை வைத்துப் பார்த்தால் கோடு எங்கே இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அதே மிஷினைக் கணினியில் இணைத்துப் புதிய அளவுக்குத் திருத்திக் கொடுத்தாலே போதுமானதாக இருக்கும்.

இதில் அவசரமான ஒன்று உண்டு. வீரவநல்லூரிலிருந்து தறி ஓட்டும் அண்ணாச்சி ஒருவர், இடது பக்கத்து மிஷின் காலையிலிருந்து வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்தார். தறிச் சத்தத்தில் பல ஆண்டுகள் நின்றவர்களுக்கு வருவதுபோல் அவருக்கும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளில் கேட்புக் குறைவு, ஆடியோகிராமில் ஒரு பள்ளம்போல, இரண்டு காதிலும் முன்பே இருந்தது. மிஷினில் ஒரு குறையும் இல்லை. காதை அளந்தால், முன்பு 50 டெசிபலில் இருந்த இடது காது 90க்குப் போயிருந்தது. இந்த எண் கூடக் கூடக் கேட்பு குறைகிறது என்று பொருள்; வரைபடத்தில் கோடு கீழே இறங்கும். திடீரென்று கேட்பு விழுந்தால் முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்குவதுதான் மீட்புக்கு உள்ள நல்ல வாய்ப்பு. "அண்ணாச்சி, மிஷின வச்சிட்டு இப்பவே ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, நாளைக்கின்னு தள்ளாதீங்க" என்று சொல்லி, ஆட்டோ பிடித்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். இழந்ததில் ஒரு பங்கு திரும்பியது. அவர் பேட்டரி வாங்கப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் புதியது தேவைப்பட்ட காலமும் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் ஏறி வந்தபோது, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து வீடுகளிலிருந்து சேறு படிந்த மிஷின்கள் எங்களிடம் வந்தன. நனைந்தவுடன் பேட்டரியை எடுத்துவிட்டு, வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில் வைத்தவர்களின் மிஷின்கள் சில பிழைத்தன. ஆற்று மண் உள்ளே இறங்கியவை ஒரு வாரம், இரண்டு வாரம் பாடிவிட்டு, உள்ளே அரிப்பெடுத்து நின்றுபோயின. அவற்றுக்குப் பழுது பார்க்கச் செலவழிக்க வேண்டாம் என்று நானே சொன்னேன்.

மற்றபடி மாற்றச் சொல்வதற்கு எனக்கு இருக்கும் காரணங்கள் சிலதான். சத்தத்தை முழு அளவுக்கு ஏற்றியும் அந்தக் காதுக்குப் போதாமல் இருக்க வேண்டும். அல்லது உதிரி பாகம் நின்றுபோயிருக்க வேண்டும். அல்லது ஓர் ஆண்டில் செய்த பழுதுச் செலவு புது மிஷின் விலையில் பாதியைத் தொட வேண்டும். விரல் நடுக்கத்தால் சின்ன பேட்டரிக் கதவைத் திறக்க முடியாதவருக்கு, மிஷின் நன்றாக இருந்தாலும், சார்ஜ் போடும் வகைக்கு மாறச் சொல்வேன். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் இலவசமாக வாங்கியவர் மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது ஓர் ஆண்டு. மூன்று ஆண்டு ஆனதும் பழையதைத் தூக்கிப் போட வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கோ காது வளர வளர மோல்டு தளர்ந்துவிடும். மிஷினை மாற்றாமல் மோல்டை மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக எடுத்தால் போதும்.

முக்கூடல் ஆச்சிக்கும் மாற்ற வேண்டிய நாள் வந்தது. முன்பு 55 டெசிபலில் இருந்த அவருடைய கோடு 75க்கு இறங்கியிருந்தது. மிஷினை முழுக்க ஏற்றினால் விசிலடித்தது, இறக்கினால் பேத்தியின் பேச்சு விளங்கவில்லை. இந்த முறை இரண்டு ஆடியோகிராம்களையும் மேசையில் விரித்து, அளவிடும் பெட்டியின் வரைகோட்டை அவற்றின் பக்கத்தில் வைத்து, மகனுக்கு ஒவ்வொரு புள்ளியாகக் காட்டினேன். அவர் பணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, இலவசமாகக் கிடைக்க எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். புது மிஷினை முதல் நாளிலேயே முழு அளவுக்கு ஏற்றாமல், இரண்டு வாரம் கழித்து வாருங்கள், கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லி, பழையதைத் துடைத்து டப்பாவில் போட்டு, கைக்கு இருக்கட்டும் என்று ஆச்சியிடமே கொடுத்தேன்.

"அதுலயும் ஒரு பேட்டரியப் போட்டே வச்சிக்கிடட்டுமா தாயி, அவசரத்துக்கு ஆவும்லா?" என்று கேட்டார்.

"வேண்டாம் ஆச்சி, போட்டு வச்சா கசிஞ்சு உள்ள பச்சை புடிச்சிரும். பேட்டரியத் தனியா வச்சிக்கிடுங்க" என்றேன். அவர் டப்பாவை மறுபடி திறந்து, பேட்டரிக் கதவு காலியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடினார்.