இம்போர்ட் வரியிலேயே நின்றுவிட்டதா?

பைத்தானில் படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகத்தை இம்போர்ட் செய்ததும் 'லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 இல்லை' என்று பிழை வந்தால், தயவுசெய்து பைத்தானை அழித்து மறுபடி நிறுவாதீர்கள். இதில் புதியவர்கள் நாள் முழுக்கத் தொலைப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. உங்கள் கோடில் தவறு எதுவும் இல்லை. ஓப்பன்சிவியின் வழக்கமான பதிப்பு, படத்தைத் திரையில் காட்டும் வசதியோடு வருகிறது. அதற்கு ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை நூலகம் வேண்டும், லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 அதன் கோப்புதான். டாக்கரின் ஸ்லிம் இமேஜில் (அவசியமானவை மட்டும் உள்ள சிறிய லினக்ஸ் சூழல்) அது இருக்காது.

திரையே இல்லாத சர்வர் என்றால் ஓப்பன்சிவியின் ஹெட்லெஸ் பதிப்பு (திரையில் காட்டும் வசதி இல்லாதது) போதும். பழையதை முதலில் நீக்கிவிடுங்கள், இரண்டும் சிவி2 என்ற ஒரே பெயரில்தான் உட்காரும். திரை வேண்டுமென்றால் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை வழியாக லிப்ஜிஎல்1 போடுங்கள். பழைய பதில்கள் சொல்லும் லிப்ஜிஎல்1-மெசா-ஜிஎல்எக்ஸ் உபுண்டு 24.04இல் கிடையாது.

'அன்டிஃபைன்டு சிம்பல்' என்று வந்தால் அது வேறு சிக்கல். கோப்பு கிடைத்துவிட்டது, அதற்குள் தேடிய ஃபங்ஷன் இல்லை. முகவரி சரி, ஆள்தான் அங்கே இல்லை. உதாரணமாக, சிஸ்டத்தில் உள்ள பாங்கோ என்ற எழுத்து நூலகம், கோண்டா என்ற பேக்கேஜ் கருவி கொண்டுவந்த பழைய கைரோ என்ற வரையும் நூலகத்தைப் பிடித்துக்கொண்டால் இப்படி ஆகும்.

ஒரு கோப்புக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை, மைனஸ் ஆர் சேர்த்து, பிழையில் பெயர் வரும் எஸ்ஓ கோப்பின் (நூலகக் கோப்பு) மீது ஓட்டுங்கள். எந்த நூலகம் எந்தப் பாதையிலிருந்து வருகிறது, எந்த சிம்பல் விடுபட்டது, இரண்டும் தெரியும். 'பிஒய்' என்று தொடங்கும் பெயர்கள் அந்தப் பட்டியலில் வந்தால் விட்டுவிடுங்கள், அவற்றைப் பைத்தானே தரும். அப்புறம் நூலகங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத் மாறியைக் காலி செய்துவிட்டு இம்போர்ட் செய்து பாருங்கள். அதில் சரியானால், டெர்மினல் தொடங்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் அதை அமைக்கும் வரியை எடுத்துவிடலாம்.