நிற்கிற வேலை

2016 கோடையில் லண்டன் கோர்ட்டால்ட் கேலரியில் அறைக்காவல் வேலை பார்த்தேன். வேலை என்றால் நிற்பதுதான். யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கேட்டால் வழி சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் போனால் குதிகால் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

அப்போது ஜார்ஜியானா ஹௌட்டன் என்ற பெண்மணியின் ஓவியங்கள் காட்சிக்கு இருந்தன. முதல் வாரமே சொதப்பினேன். ஒரு பெரியவர், "இது எந்தக் காலத்துப் படம்?" என்றார். பக்கத்தில் இருந்த அட்டையைப் பார்க்காமலேயே, "1960 வாக்கில் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். படம் அப்படி. ஆளும் இல்லை, மரமும் இல்லை. இடியாப்பம் பிழிந்ததுபோல் சிவப்பும் நீலமும் மஞ்சளும் சுழன்று கிடக்கின்றன. அதன் மேல் தலைமுடியைவிட மெல்லிய வெள்ளைக் கோடுகள், நூற்றுக்கணக்கில். பெரியவர் குனிந்து அட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். 1860கள்! உருவமில்லாமல் நிறமும் கோடுமாக வரையும் அரூப ஓவியத்தின் முன்னோடி என்று நாம் படித்த காண்டின்ஸ்கி பிறந்ததே 1866இல்தான்.

அப்புறம்தான் ஹௌட்டனைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். 1814இல் பிறந்தவர். முறையாக ஓவியம் பயின்றும், சகோதரி ஸில்லா 1851இல் இறந்தபின் வரைவதை விட்டுவிட்டார். இறந்தவர்களின் ஆவிகளோடு பேச முயலும் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கி, 1861இல் மறுபடி வரைய வந்தார். கையை நடத்துவது ஆவிகள், அவற்றில் பழைய இத்தாலிய ஓவியர் டிஷியனும் ஒருவர் என்றார். எனக்கு ஆவியில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வெள்ளைக் கோடுகளை நாள் முழுக்கப் பார்த்தவன் நான்; கை தடுமாறிய இடம் ஒன்றுகூட அகப்படவில்லை.

என்னை உலுக்கியது வேறு. 1871இல் ஓல்ட் பாண்ட் தெருவில் சொந்தச் செலவில் ஒரு கேலரியை வாடகைக்குப் பிடித்து, 155 படங்களை மாட்டினார். மாதக்கணக்கில் தானே அங்கிருந்து, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். படங்கள் விற்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏறக்குறைய ஓட்டாண்டியானார். என் வேலையை அவரும் பார்த்திருக்கிறார், சம்பளமில்லாமல், கைக்காசைப் போட்டு.

மறுநாள் இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு விறைப்பாக நின்றேன். ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கழிப்பறை எந்தப் பக்கம்?" என்றார்.