குவாதலூப்பில் அக்கா மகள் கல்யாணம்

2023 ஏப்ரல் 18, செவ்வாய்

பாரிஸ் ஓர்லியில் காலையில் ஏறினோம். எட்டு மணி நேரத்துக்கு மேல் கீழே கடல்தான். கரீபியன் கடல் தீவான குவாதலூப்பின் புவாந்தாபித்ரில் இறங்கினால் அங்கே பிற்பகல், எங்கள் உடம்புக்கு ராத்திரி. சம்பந்தி இரண்டு காரோடு வந்து காத்திருந்தார்.

மாப்பிள்ளையின் ஊர் லெ மூல், தீவின் கிழக்குக் கரை. போகிற வழியில் மோர்னாலோ கல்லறைத் தோட்டம். குன்றுச் சரிவு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஓடு பதித்த கல்லறைகள், சில சின்ன வீடு அளவுக்கு. அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அதைத் தாண்டினால் எங்கே பார்த்தாலும் கரும்பு. வெட்டுக் காலம் என்பதால் கர்டெல் ஆலைக்குப் போகிற லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போனோம். "எங்க தாத்தாவோட அப்பா இந்தக் கரும்புக்குத்தான் வந்தார்" என்று சம்பந்தி பிரெஞ்சில் சொன்னார். அந்த வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது.

இந்தச் சம்பந்தம் பேசியபோது புதுச்சேரியில் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "அவங்க என்ன ஆளுங்க?" எனக்கு அது ரொம்ப வலித்தது. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை இந்தத் தீவில் இறக்கியது. 1889 வரை வந்தவர்கள் ஏறக்குறைய 42,000 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் அதில் ஏராளம். நம் கரையிலிருந்து போனவர்களின் பிள்ளைகளைப் பற்றி நம் ஊரிலேயே இப்படிக் கேட்டால் என்ன செய்வது?

ஏப்ரல் 20, வியாழன்

இரண்டு நாளாகக் காகித வேலை. குவாதலூப்பும் பிரான்சின் ஒரு மாவட்டம்தான், அதே சட்டம். மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கல்யாணம் பதிவாகாமல் சாமியார் கோவிலில் கல்யாணம் வைக்க முடியாது. பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழ் புதுச்சேரியிலிருந்து வர வேண்டியிருந்தது. கடிதம் எழுதி எழுதி ஓய்ந்து, கடைசியில் மாமா நேரில் போய் உட்கார்ந்து வாங்கி அனுப்பினார்.

இன்று காலை பங்குச் சாமியாரைப் பார்த்தோம். அக்காவுக்கு ஒரே ஒரு கோரிக்கை: மோதிரம் மாற்றினதும் பீடத்தின் முன்னால் தாலி கட்ட வேண்டும். கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். சிலுவையும் புறாவும் பொறித்த தாலி, எங்கள் அம்மா வாங்கி வைத்தது. சாமியார் அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எத்தனை முடிச்சு?" "மூணு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி." அவர் சிரித்துவிட்டு, திருப்பலி முறை எழுதிய தாளில், மோதிரத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அக்கா வெளியே வந்து அழுதாள்.

ஏப்ரல் 21, வெள்ளி

மேரி கல்யாணம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மூவர்ணப் பட்டை, சட்டப் பிரிவுகள், கையெழுத்து, குடும்பப் புத்தகம், போட்டோ. சரி.

சாயங்காலம்தான் விசேஷம். மாப்பிள்ளையின் அத்தை வீட்டுக் கொல்லையில் நாளைக்கு ஆட்டுக்கறி கொலம்போ என்கிற குழம்பு தயாரானது. கொத்தமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு, கூடவே கொஞ்சம் அரிசி, எல்லாம் வறுத்து அரைத்து மஞ்சள் சேர்த்த பொடி. அதுவரைக்கும் அக்காவுக்கு எல்லாம் தெரிந்த விஷயம். அப்புறம் அத்தை கறியில் எலுமிச்சை பிழிந்து, பூண்டும் தைம் தழையும் வெங்காயத்தாளும் போட்டுப் பிசறினார். குழம்பு கொதிக்கும்போது குண்டு மிளகாய் ஒன்றைக் கீறாமல் முழுசாக மேலே மிதக்க விட்டார். உடையாமல் வெந்து வாசனை மட்டும் இறங்க வேண்டும், உடைந்தால் யாரும் வாயில் வைக்க முடியாது. கரண்டி அதன் பக்கம் போகும்போதெல்லாம் அத்தையின் கை தானாகவே மெதுவானது.

அக்கா ருசி பார்த்துவிட்டு, "நம்ம குழம்புதான், ஏதோ கொறையுது" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதுவும் குறையவில்லை. இந்தத் தீவில் ஆப்பிரிக்க வம்சத்தார், இந்திய வம்சத்தார் எல்லாருமே விசேஷத்துக்கு இதைத்தான் சமைக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டாக இங்கேயே பக்குவப்பட்ட சமையல். நம்முடையதில் மிஞ்சியது எவ்வளவு என்று அளந்து பார்க்க நாம் யார்? அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை, ஆனால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 22, சனி (எழுதுவது ஞாயிறு விடிந்தபின்)

லெ மூல் புனித ஸ்நாபக அருளப்பர் கோவில். கடல் காற்று வாசலிலேயே பெண்ணின் முக்காட்டைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டு பெண்கள் கடைசிவரை அதைப் பிடித்தபடியே வந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரிய பெண்கள் மதராஸ் கட்டம் போட்ட துணியில் பாவாடையும் தலைக்கட்டும் அணிந்திருந்தார்கள். நம் பக்கம் நெய்து ஒரு காலத்தில் கப்பலில் வந்த துணி, இன்று இந்தத் தீவின் பாரம்பரிய உடுப்பு. தலைக்கட்டில் மூன்று முனை நின்றால் கல்யாணமானவள் என்று அத்தை விளக்கினார். எங்கள் பக்கம் எல்லாரும் காஞ்சிபுரம் பட்டு.

பாட்டுக்குழு தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் பாடியது, பக்கத்தில் 'கா' என்கிற மேளம். கொரிந்தியர் நிருபத்திலிருந்து "அன்பு பொறுமையுள்ளது" பகுதியைப் பிரெஞ்சில் ஒருவர் வாசிக்க, பின் நான் தமிழில் வாசித்தேன். முன்வரிசையில் மாப்பிள்ளையின் பாட்டி கண்ணை மூடிக் கேட்டார். ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

மோதிரம் ஆனதும் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியது. முதல் முடிச்சு நழுவியது. அவன் தங்கை சட்டென்று முன்னே வந்து, பெண்ணின் கூந்தலை ஒதுக்கி, நூலை விரலால் அழுத்திப் பிடித்தாள். நம் ஊரில் நாத்தனார் செய்கிற வேலை. அவளிடம் யாரும் சொல்லித்தரவில்லை, அண்ணன் தடுமாறுவதைப் பார்த்து வந்தாள், அவ்வளவுதான். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் கோவிலே கைதட்டியது.

வரவேற்பு ஒரு தோட்டத்தில். ரம்மும் எலுமிச்சையும் கரும்புச் சர்க்கரையும் கலந்த தி-போன்ஷ், கருவாட்டு வடை மாதிரி உப்பிட்ட மீனில் பொரித்த அக்ரா. சாப்பாடு வரவே ஒன்பதரை. கொலம்போ வந்ததும் பெரியப்பா கையால் பிசைந்து சாப்பிட, எதிரிலிருந்த நாலு பேரும் முள்கரண்டியை வைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஸூக் ஆட்டம். நடுராத்திரியில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தபு கொண்டுவந்தார். தோலை இழுத்துக் கட்டி நெருப்பில் காய்ச்சி அடிக்கிற தப்புதான் அது. கா மேளக்காரர்கள் இரண்டு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். பெரியப்பாவும் நானும் அக்காவும் ஆடினோம். எங்கள் வீட்டில் தப்புச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிற வழக்கம் இருந்தது. இங்கே அதை மணமக்களுக்கு மரியாதையாக அடித்தார்கள். அந்த வழக்கத்தை நினைத்து எனக்கு இன்று கோபம் வந்தது.

விடியும் முன் முட்டையும் பாலும் பட்டையும் சாதிக்காயும் போட்ட சூடான ஷோதோ, அதோடு பஞ்சு போன்ற கேக்.

ஏப்ரல் 23, ஞாயிறு

மறுநாள் விருந்து, கடற்கரையில். பாட்டி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, தான் ஞாயிறு பூசை தவறியதில்லை என்றும், மாலியேமேனுக்கு நேர்ந்துகொண்டால் அதையும் தவறியதில்லை என்றும் சொன்னார். மாரியம்மனைத்தான் சொல்கிறார். அக்கா முகம் ஒரு நொடி இறுகியது. பிறகு, "நம்ம ஆயா வில்லியனூர் மாதாவுக்கு வேண்டிக்கிட்டு, தெரு மாரியம்மனுக்கும் கூழ் ஊத்துவாங்கல்ல?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம், ஊற்றினாங்க.

ஏப்ரல் 24, திங்கள்

கபெஸ்தேர் போனோம். ஷாஞ்சி இந்துக் கோவில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, ஆன்ரி சிதம்பரம் சிலைக்கும் போனோம். இந்த ஊரில் 1863இல் பிறந்தவர். இந்தியர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை இல்லை என்று தடுத்தபோது 1904இல் வழக்கை எடுத்து, 1923இல் குடியுரிமை கிடைக்கும்வரை விடாமல் நின்றவர். சம்பந்தி சிலையின் முன் தொப்பியைக் கழற்றினார்.

திரும்பும் காரில் அக்கா டிசம்பருக்குத் தேதி குறித்துவிட்டாள். பாட்டி உட்பட ஆறு பேர் புதுச்சேரி வருகிறார்கள். பாட்டி விமானமே ஏறியதில்லை. பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே மேரிக்குப் போக வேண்டும், கூட்டிப்போவது அக்கா மகள்.