மனம்–உடல் பாடத்தை இரண்டாவது முறை படித்த கதை

சிவில் சர்வீஸ் (UPSC) மெயின்ஸ் தேர்வுக்குத் தத்துவம் விருப்பப்பாடம், அதுவும் தமிழில் எழுதப்போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது, "புத்தகத்துக்கு எங்கே போவே?" என்னைக் கேட்டால் புத்தகப் பஞ்சத்தைச் சமாளித்துவிடலாம். என்னைக் கவிழ்த்தவை வேறு இரண்டு. ஒன்று, பாடத்தைத் தப்பான முனையிலிருந்து பிடித்தது. இன்னொன்று, 'பொருள்' என்ற சொல்.

முதல் தாளில் ஐரோப்பியத் தத்துவவாதிகள் டெக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிஸ் மூவரும் ஒரே தலைப்பில் வருவார்கள். மனம், உடல் இருமைவாதம், அதாவது இரண்டும் அடிப்படையிலேயே வெவ்வேறு என்ற கொள்கை, அதற்குள்தான். முதல் சுற்றில் ஜெராக்ஸ் நோட்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு வரியில் அட்டவணை போட்டேன். டெக்கார்ட் என்றால் இடைவினை (மனமும் உடலும் ஒன்றையொன்று பாதிப்பது), அவருக்குப் பின் வந்த மால்பிராஞ்ச் என்றால் எல்லாம் கடவுள் செயல், ஸ்பினோசா என்றால் இணைநிகழ்வு (ஒன்றையொன்று பாதிக்காமல் இரண்டும் சேர்ந்தே நடப்பது), லைப்னிஸ் என்றால் முன்னமைந்த இசைவு (முதலிலேயே ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டது). அரை மணி நேரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. மாதிரித் தேர்வில் பத்துக்கு மூன்று வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், "இவர்கள் ஏன் இப்படியெல்லாம் சொல்ல வேண்டி வந்தது?" என்று எழுதியிருந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் கிடைத்தது ஒரு கடிதத்தில். 1643 மே மாதம், ஹேக் நகரில் குடும்பத்தோடு நாடிழந்து வாழ்ந்த பொஹிமிய இளவரசி எலிசபெத் டெக்கார்ட்டுக்கு எழுதியது. அவளுக்கு 24 வயது, அவருக்கு 47. கடிதம் சின்னதுதான். மனத்தையும் உடலையும் வெவ்வேறாகப் பிரித்து அவர் நூல் வெளியிட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் கேட்டதை என் வார்த்தையில் சொல்கிறேன்: ஒன்று இன்னொன்றை நகர்த்த வேண்டுமென்றால் தள்ள வேண்டும். தள்ளத் தொட வேண்டும். நகரும் விதம் மேற்பரப்பின் வடிவத்தைப் பொறுத்தது என்றால், அதற்கு இடத்தை அடைக்கும் தன்மை வேண்டும். ஆன்மாவுக்கு அந்தத் தன்மையே கிடையாது என்கிறீர்கள். தொடுவதும் உருவமில்லாத ஒன்றுக்குப் பொருந்தாது. அப்புறம் எப்படி அது என் கையைத் தூக்குகிறது?

டெக்கார்ட் பதில் எழுதினார். கல்லின் கனம் கல்லைக் கீழே இழுக்கிறது என்று நினைக்கிறோமே, அங்கே யார் எதைத் தொட்டுத் தள்ளுவதாக நினைக்கிறோம்? ஆன்மா உடலை நகர்த்துவதையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எலிசபெத் விடவில்லை. கனத்தைப் பற்றிய அந்தக் கருத்தே பிழை என்று காட்டப்போகிறவர் நீங்கள்தானே, அதை வைத்து எனக்கு எப்படி விளக்குகிறீர்கள் என்று ஜூனில் திருப்பிக் கேட்டாள். உருவமில்லாத ஒன்று உடலை நகர்த்துகிறது என்பதைவிட, ஆன்மாவுக்கும் உருவம் உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபம் என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நான் படித்த நோட்ஸில் அவள் பெயரே இல்லை.

ஆன்மா உடலோடு சேரும் இடம் என்று 1649இல் டெக்கார்ட் சொன்ன, மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பியையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள். மூளையின் மற்ற பாகங்களெல்லாம் இரட்டையாக இருக்க, அது ஒன்றுதான் ஒற்றை என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் அது 'எங்கே' என்பதற்கான பதில். எலிசபெத் கேட்டது 'எப்படி'. இந்த ஒரு வேறுபாட்டை விடையில் எழுதினாலே விமர்சனப் பகுதி பாதி முடிந்தது.

இதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதாக வைத்துப் படித்தேன். உண்மையில் யாரும் அவளுக்காக எழுதவில்லை. படிக்க அது நல்ல உத்தி, அவ்வளவுதான். மால்பிராஞ்ச் சொல்வது: கையைத் தூக்கும்போது எந்த நரம்பு, எந்தத் தசை வேலை செய்கிறது என்று உனக்குத் தெரியுமா? தெரியாத ஒன்றை நீ எப்படிச் செய்தாய்? நீ விரும்பினாய், அதைச் சாக்காக வைத்துக் கடவுள் தூக்கினார். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் காரணத்துக்கும் காரியத்துக்கும் நடுவே கட்டாயத் தொடர்பு எதுவும் நம் கண்ணில் படுவதில்லை என்று பின்னால் ஹ்யூம் என்ற தத்துவவாதி சொல்வதற்கு இங்கிருந்தே ஒரு வழி போகிறது. ஹ்யூமும் பாடத்தில் இருப்பதால் இந்த இணைப்பு இரண்டு இடத்தில் உதவும்.

ஸ்பினோசாவிடம்தான் 'பொருள்' என்னை மாட்டிவிட்டது. தன்னிலேயே நின்று, தன்னைக்கொண்டே அறியப்படுவதை நம் பாடநூல்கள் 'பொருள்' என்கின்றன. ஜடத்தையும் நாம் பொருள் என்றுதான் சொல்கிறோம். "கடவுள் ஒருவரே பொருள்" என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் "பொருளும் மனமும்" என்று எழுதினேன். படித்தவர் நான் ஸ்பினோசாவை ஜடவாதி ஆக்கிவிட்டதாக நினைத்தார். அவர் மேல் தப்பில்லை. அன்றிலிருந்து முதலாவதற்கு 'அடிப்பொருள்', இரண்டாவதற்கு 'ஜடம்' என்று வைத்துக்கொண்டேன். விடையில் முதல் முறை வரும்போதே அரை வரியில் விளக்கிவிடுவேன். நீங்கள் வேறு சொல் எடுத்தாலும் சரி, கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

'மனம்' இன்னொரு பள்ளம். சாங்கியத்திலும் சைவ சித்தாந்தத்திலும் மனம் ஒரு கருவி, அது ஜடத்தின் பக்கம். டெக்கார்ட்டின் பிரிவுக்கோட்டை அங்கே போட்டால் மனம் உடலோடு போய் நிற்கும், புருடனோ (சாங்கியம் ஆன்மாவுக்கு வைத்த பெயர்) ஆன்மாவோதான் எதிர்ப்பக்கம். இந்தியத் தத்துவமும் அதே தாளில் இருப்பதால், இரண்டு பகுதிகளையும் ஒரே வாரத்தில் படித்தால் குழப்பம் நிச்சயம். எனக்கு வந்தது.

ஸ்பினோசாவையும் லைப்னிஸையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஸ்பினோசாவுக்கு மனமும் உடலும் ஒரே அடிப்பொருளின் இரண்டு முகங்கள். இரண்டு இல்லாதபோது யார் யாரை இழுப்பது? சுரப்பிக் கதையை அவர் வெளிப்படையாகவே கிண்டல் செய்திருக்கிறார். லைப்னிஸ் 1696இல் சொன்ன இரண்டு கடிகார உவமை வேறு. ஒரே நேரம் காட்டும் இரண்டு கடிகாரங்கள். ஒன்றையொன்று பாதிக்கலாம், ஒரு ஆள் நின்று திருத்திக்கொண்டே இருக்கலாம், அல்லது முதலிலேயே பிசகாமல் செய்யப்பட்டிருக்கலாம். மூன்றாவதுதான் அவர் கட்சி. டெக்கார்ட், மால்பிராஞ்ச், லைப்னிஸ் மூவரும் ஒரே உவமையில் அடங்கிவிடுவதால் 150 வார்த்தை விடைக்கு இதைவிட வசதியானது இல்லை. ஒரு எச்சரிக்கை: லைப்னிஸின் முடிவான கருத்தில் நிஜமாக இருப்பவை மொனாடுகள் (பிரிக்க முடியாத, மனம் போன்ற அலகுகள்), உடல் தனியாக ஒரு அடிப்பொருள் அல்ல. கடிகாரத்தை அப்படியே நம்பினால் அவரையும் இருமைவாதி ஆக்கிவிடுவீர்கள்.

நான் பழகிய பத்து மார்க் விடை இப்படி இருக்கும். முதல் இரண்டு வரியில் எலிசபெத்தின் கேள்வி, பெயரோடும் ஆண்டோடும். அடுத்து, கேட்ட தத்துவவாதியின் பதில். அப்புறம், அந்தப் பதில் 'எப்படி' என்பதைத் தீர்த்ததா இல்லையா என்பதில் என் முடிவு. முன்னுரையில் "நவீனத் தத்துவத்தின் தந்தை" என்று தொடங்கி இருபது வார்த்தையை வீணாக்க வேண்டாம். மூல நூல்களுக்கு, ஜோனதன் பென்னட் எளிய ஆங்கிலத்தில் மாற்றியமைத்தவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடிதங்களும் அதில் உண்டு.

1643 ஜூன் 28 கடிதத்தைத் தவறவிடாதீர்கள். ஆன்மாவும் உடலும் ஒன்றாக இருப்பதைச் சும்மா வாழ்ந்து, நாலு பேரோடு பேசித்தான் புரிந்துகொள்ள முடியும், தான் மெய்ப்பொருளியலுக்கு (metaphysics) செலவிடுவது வருடத்தில் சில மணி நேரமே என்கிறார் டெக்கார்ட். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மெயின்ஸுக்கு ஐந்து வாரம் இருந்தது.