காலிக் கிரேட்டும் நிறைந்த கிரேட்டும்

இருபது வருஷமாக மாங்காய் லோடு ஏற்றி இறக்குகிறேன். பாரம் கூடினால் பலகையில் சீக்கிரம் சறுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. போன சீசனில் என் மகள் அதைப் பொய்யாக்கினாள்.

போச்சம்பள்ளி பக்கம் எங்கள் தோப்பு. பெங்களூரா ரக மாங்காய் முழுக்க மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடும். டெம்போவிலிருந்து கிரேட், அதாவது மாங்காய் அடுக்கும் பெட்டி, இறக்க எட்டடிப் பலகை ஒன்று வைத்திருந்தோம். ஜூன் மாதம் ஒரு காலை, லேசான தூறல். கிரேட் ஒன்று கையை விட்டு நழுவி வந்து என் கால் கட்டைவிரலில் உட்கார்ந்தது. நகம் கறுத்து விழ இரண்டு மாதம் ஆனது.

"பாதி பாதியா வெச்சு விடலாம்ணா. பாரம் கொறஞ்சா பலகையில நிக்கும்" என்றார் லோடுமேன்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. "பாதி வெச்சாலும் அதே சாய்வுலதான்ப்பா சறுக்கும்" என்றாள் திண்ணையிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை, பலகை நன்றாகக் காய்ந்த பிறகு, சோதித்தே பார்த்தோம். ஒரு முனை தரையில். மறுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினோம். காலிக் கிரேட் 30 அங்குலத்தில் நகர்ந்தது. இருபது கிலோ கிரேட்? 31. மறுபடி, 29. லோடுமேன் நம்பாமல் டேப்பை வாங்கித் தானே அளந்தார். 30.

பாரம்தான் கிரேட்டைக் கீழே இழுக்கிறது; அதே பாரம்தான் பலகையை அழுத்தி உராய்வையும் உண்டாக்குகிறது. ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கிறது, கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. உயரம் 30, தரையோடு தூரம் 91, வகுத்தால் 0.33. பலகையின் பிடி எவ்வளவு என்று சொல்லும் அந்த எண்தான் உராய்வுக் குணகம். ஏறக்குறைய 18 டிகிரி வரும் அந்தச் சாய்வுக்குப் புத்தகத்தில் சறுக்குக் கோணம் என்று பேர்.

நகர ஆரம்பித்த கிரேட் நிற்கவில்லை, வேகம் பிடித்தது. எட்டடியைக் கடக்க செல்போனில் இரண்டரை நொடி. அதை வைத்து அவள் போட்ட கணக்கில் குணகம் 0.25க்கு இறங்கியிருந்தது. அசையாதவரைதான் பலகையின் பிடி கெட்டி. என் கட்டைவிரலுக்கு அது முன்பே தெரியும்.

டெம்போ தட்டு மூன்றடி உயரம். அப்படியானால் எங்கள் எட்டடிப் பலகை காய்ந்திருந்தாலும் 22 டிகிரி, சறுக்குகிற சாய்வுதான். இத்தனை நாளும் கைதான் தாங்கியிருக்கிறது. தாங்குகிற கைக்குப் பாதி கிரேட் என்றால் பாதி பலம் போதும். லோடுமேன் சொன்னதும் முழுத் தப்பில்லை. இப்போது பத்தடிப் பலகை வாங்கிவிட்டேன். தூறினால் மேலே சாக்கு விரிக்கிறோம்.

லோடுமேன் மட்டும் விடவில்லை. முன்பு லாரியில் கிளீனராக இருந்தவர். "எடை அடிபட்டுப் போவுதுன்னா, தொப்பூர் கணவாய் எறக்கத்துல லோடு லாரிக்கு மட்டும் ஏன் பாப்பா பிரேக் புடிக்க மாட்டேங்குது?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். டயருக்கும் ரோட்டுக்கும் அதே கணக்குதான். ஆனால் கணவாய் முழுக்க வேகத்தை அடக்கி இறங்கும்போது, அவ்வளவு பாரமும் இறங்குகிற சக்தி, சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் லைனரில் சூடாகச் சேர்கிறது. லாரியின் மொத்த எடை இரட்டித்தால் சூடும் இரட்டிக்கும், லைனர் அதேதான். அளவுக்கு மீறிச் சூடேறிய லைனரின் குணகம் விழுந்துவிடும் என்றாள்.

"அதுக்குத்தான் எங்க டிரைவரு, ஏறுற கியர்லயே எறங்கணும்பாரு. எஞ்சினே பாதி இழுத்துப் புடிச்சுக்கும். டீசல் மிச்சம்னு நியூட்ரல் போட்டா பளார்னு ஒண்ணு விழும்" என்றார், கன்னத்தைத் தடவிக்கொண்டே.