தாத்தாவின் கட்டுரைகளைத் தேடி

தாத்தா மலேசியாவில் சுங்கை பூலோவில், ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்து, கட்டுரைகளில் பெயர் வரும் அளவுக்கு உயர்ந்தார். அவர் போன பிறகு எங்களிடம் மிஞ்சியது ஒரு நோட்டுதான். அவர் எழுதியதையெல்லாம் சேர்த்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாம் என்று போன வருஷம் இறங்கினேன்.

நோட்டு முழுக்க எடைக் கணக்கு. ரப்பர் மரத்துப் பாலில் நூற்றுக்கு 30, 40 பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். கொஞ்சம் பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிசாக உருட்டிக் காயவைத்து மறுபடி நிறுப்பார்கள். இரண்டு எடையையும் தாத்தா பென்சிலால் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறார். தப்பான எண்ணை அழிக்கவில்லை. ஒரே கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். சில பக்கங்களின் தலையில் வெறும் 600. அது 1937-இல் கலப்பு செய்து எடுத்து, பின்னாளில் தாய்லாந்து வரை நட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் மர ரகம். ஆர்.ஆர்.ஐ.எம். என்பது கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். பாட்டிக்கு அது ஆள் பெயர் மாதிரி: "அறுநூறு நல்லா பால் குடுக்குதாம்."

கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்துக்குள் வந்துவிட்டது. யாரைக் கேட்பது என்றே முதலில் எனக்குப் புரியவில்லை. கடைசியில் கோலாலம்பூரில் ஒரு நூலகத்தில் பழைய சஞ்சிகைத் தொகுதிகள் கிடைத்தன. அடையாளக் கார்டில் இருக்கும் பெயரைக் கொடுத்தேன், வரவில்லை. தலைப்பெழுத்தோடு கொடுத்தேன், அப்போதும் இல்லை. அங்கிருந்த மலாய்க்கார அம்மா, "உங்க தாத்தாவோட அப்பா பேரைச் சொல்லுங்க" என்றார். கடைசியில் நிற்கும் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஐந்து கட்டுரைகள் வந்து நின்றன.

இதே தேடலில் இருப்பவர்கள் மூன்று விதமாகவும் தேடுங்கள். கட்டுரை முடிவில் வரும் நன்றிப் பகுதியையும் விடாதீர்கள். அது அட்டவணையில் இருக்காது. பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும். பால் எடுத்தவர், நிறுத்தவர், கணக்கு வைத்தவர் என்று நம்மவர்கள் பெயர் பல அங்கேதான் இருக்கிறது. தாத்தாவையே இன்னும் நாலு இடத்தில் கண்டேன்.

கொள்ளுத்தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர். அட்டவணைப் பக்கத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன். அச்சிலிருந்த அந்தப் பெயரின்மேல் விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"எங்க தாத்தா பேரு" என்றார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனக்குத் தனியாக நகல் எடுத்துத் தரச் சொன்னார்.