மூன்று வாரம், ஒரே ஒரு ‘எஸ்’: என் ஜான் பென்னி

தெரிந்துவிட்டது! என் பழைய ஆங்கிலேய வெள்ளிக்காசில் மூன்று வாரமாகத் தேடிய அந்த எழுத்து நேற்று இரவு பதினொன்றரை மணிக்குப் பிடிபட்டது. நேரான எஸ்தான், கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிய எஸ் இல்லை. ஆக, என்னிடம் இருக்கும் ஷார்ட் கிராஸ் பென்னி (பின்பக்கம் குட்டைச் சிலுவை போட்ட காசு) வகுப்பு 5பி. செதுக்கல் மாற மாற இந்த வரிசையை எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1205க்கும் 1207க்கும் இடையில் வின்செஸ்டரில் அடித்தது, ஜான் மன்னர் வெளியிட்டது. விற்றவர் கூடவே அனுப்பிய சீட்டில் ‘மூன்றாம் ஹென்றி’ என்று எழுதியிருந்தது.

விற்றவரை நான் குறை சொல்லவில்லை. இந்தக் காசில் மன்னர் பெயரைப் படித்தால் எல்லோருக்கும் ஹென்றிதான் கிடைப்பார். 1180இல் இரண்டாம் ஹென்றி தொடங்கிய அச்சு, 1247இல் மூன்றாம் ஹென்றி நீளச் சிலுவை போட்ட லாங் கிராஸுக்கு மாற்றும்வரை ஓடியது. நடுவில் ரிச்சர்ட் வந்தார், ஜான் வந்தார். இருவருமே இங்கிலாந்துக் காசில் தங்கள் பெயரைப் போடவில்லை. 67 வருடம், நான்கு மன்னர்கள், எல்லாக் காசிலும் ‘ஹென்ரிகஸ் ரெக்ஸ்’. மேக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்துக்கு முத்திரை வைத்த ஜானின் பென்னியிலும் அப்பா பெயர்தான். எனக்கு இந்த வரிசை மேல் பைத்தியம் பிடிக்க இதுவே காரணம். பெயரை நம்ப முடியாது. சுருள்முடி, கிரீடத்து முத்து, எழுத்தின் வடிவம் இவற்றை வைத்துத்தான் மன்னரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எடை 1.41 கிராம். உரிய எடை 1.46க்குப் பக்கம், அதனால் நல்ல எடைதான். விட்டம் 18.5 மில்லிமீட்டர். ஓரம் கொஞ்சம் நெளிந்திருக்கிறது, ஆனால் வெட்டுப்படவில்லை.

முதல் வாரத்திலேயே 5ஆம் வகுப்பு என்பது உறுதியாகிவிட்டது. பின்பக்கம் எழுத்து தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்னச் சிலுவையைப் பாருங்கள். 4ஆம் வகுப்பில் கைகள் விரிந்து அகலமாக இருக்கும். என் காசில் நான்கு முனையிலும் உருண்டை. முகத்தின் இரு பக்கமும் சுருள்கள் வட்ட வட்டமாக, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. 1205இல் ஜான் எடை குறைந்த பழைய காசைத் திரும்பப் பெற்றுப் புதிதாக அடிக்கச் சொன்னபோது வந்த செதுக்கல் இது. முந்தைய இருபத்தைந்து வருடக் காசுகள் தேய்ந்தும் ஓரம் வெட்டப்பட்டும் கெட்டுப்போயிருந்தன. வெட்டிய காசு கண்ணில் பட்டால் துளையிட்டுவிடு என்று அந்த வருடத் தொடக்கத்திலேயே ஆணை போட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் பிரான்சில் இருந்த நார்மண்டியை இழந்திருந்தார். ஜானைப் பற்றி யாரும் நல்லதாகச் சொல்வதில்லை. ஆனால் அவர் காலத்து 5ஆம் வகுப்பையும் அதற்கு முந்தைய 4ஆம் வகுப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகத்துக்கு முகம் வந்திருக்கிறது, எழுத்துக்கு ஒழுங்கு வந்திருக்கிறது. நாணய விஷயத்தில் அந்த மனிதர் நல்ல வேலை செய்தார் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, எஸ்ஸுக்கு வருகிறேன். 5ஆம் வகுப்புக்குள் உட்பிரிவுகள் உண்டு: 5ஏ2 என்றால் முன்பக்கத்து எஸ் திரும்பியிருக்கும், 5பி என்றால் நேராக இருக்கும். என் காசில் சரியாக அந்த எழுத்து விழுந்த இடம்தான் அடி சரியாக விழாத இடம். ‘ஹென்ரிகு’ வரை பளிச்சென்று இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு மேடு, ஒரு தேய்ந்த வளைவு, அவ்வளவுதான். செங்கோல் பிடித்த கையைத் தாண்டினால் மறுபடி ரெக்ஸின் கடைசி இரண்டு எழுத்தும் தெளிவு.

பத்து மடங்கு லென்ஸில் இரண்டு வாரம் பார்த்தேன். ஒருநாள் நேராகத் தெரியும், மறுநாள் திரும்பித் தெரியும். பிறகுதான் புத்தியில் உறைத்தது: கீழிருந்து வெளிச்சம் அடித்தால் நம் கண்ணுக்கு மேடு பள்ளமாகத் தெரியும், பள்ளம் மேடாகத் தெரியும். நான் விளக்கை அசைத்து அசைத்து என்னையே குழப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் முறையாகச் செய்தேன். கறுப்பு டைல் மேல் காசு, ஸ்டாண்டில் கைபேசி, அறை முழு இருட்டு. ஒரு தாளில் கடிகார முகம் வரைந்து நடுவில் டைலை வைத்து, சின்ன எல்இடி டார்ச்சைக் கிட்டத்தட்டத் தரையோடு படுக்கவைத்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு படம். பன்னிரண்டு படம். காசும் கேமராவும் துளியும் அசையக்கூடாது, அதுதான் முக்கியம். முழு எஸ்ஸையும் தேட வேண்டியதே இல்லை. மேல் வளைவின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஏழு மணிப் படத்தில் வளைவின் நுனி வலது பக்கம் நிழலோடு முடிந்தது. எட்டு மணியிலும் அதே இடம். ஒரு மணியில் பார்த்தால் அதே நுனி ஒளிக்கோடாக வந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தின. வலப்பக்கம் திறந்த வாய், நேரான எஸ். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

தாள் வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. இவ்வளவு மங்கிய இடத்தில் அது உதவாது, எண்ணூறு வருட வெள்ளியை அழுத்தவும் எனக்கு மனம் வரவில்லை.

பின்பக்கத்தில் அடித்தவர் பெயர் ‘லூகாஸ்’, அப்புறம் ‘இந்த ஊரில்’ என்று பொருள்படும் ‘ஆன்’, அப்புறம் ஊர்ப் பெயரின் தொடக்கமாக ‘வி’ ஓசையில் இரண்டு எழுத்து. ஷார்ட் கிராஸ் வரிசையில் அப்படித் தொடங்கும் ஊர்களாக வில்டன், வொர்செஸ்டரும் உண்டு, ஆனால் 1205 மாற்றத்தில் இயங்கிய அக்கசாலைகளில் அவை இரண்டும் இல்லை. வின்செஸ்டர் இருந்தது, அங்கே லூகாஸ் என்பவர் அடித்ததும் தெரிந்த விஷயம். மக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் போர்ட்டபிள் ஆன்டிக்விடீஸ் ஸ்கீம் தரவுத்தளத்தில் இந்த வகைக் காசுகளின் படங்கள் ஏராளம், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

விற்பனையாளரிடம் ஒரே ஒரு வருத்தம். காசை மெத்தென்ற பிவிசி உறையில் அனுப்பியிருந்தார். அதில் வருடக்கணக்கில் இருந்தால் பச்சைப் பிசுக்கு ஏறும். வந்த அன்றே மைலார் என்ற பாலியெஸ்டர் உறைக்கு மாற்றிவிட்டேன், நீங்களும் முதலில் அதைப் பாருங்கள். மற்றபடி விலை நியாயம், பொதி கட்டியதும் நன்றாக இருந்தது. இன்னொரு முறை அவரிடமே வாங்குவேன்.

அடுத்தது எது என்றும் முடிவாகிவிட்டது: ஜானின் அயர்லாந்துப் பென்னி. அதில் மட்டும் முக்கோணத்துக்குள் மன்னர் முகம், சுற்றி ‘யோஹன்னஸ் ரெக்ஸ்’ என்று அவர் சொந்தப் பெயர். டப்ளினில் ரோபெர்ட் அடித்தது கிடைத்தால் நல்லது. அப்பா பெயரில் ஒன்று, தன் பெயரில் ஒன்று என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும். ஒரு அரைக்காசும் ஆசை. வட்டமான அரைப்பென்னி அப்போது இங்கிலாந்தில் புழக்கத்தில் இல்லாததால், பின்பக்கச் சிலுவைக் கோட்டில் பென்னியையே இரண்டாக வெட்டிச் சில்லறை ஆக்கிய துண்டு.

அதற்குமுன் இந்தக் காசிலேயே வேலை பாக்கி இருக்கிறது. ‘வி’ இரண்டெழுத்துக்கு அப்புறம் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு தெரிகிறது. அது மூன்றாவது எழுத்தான ‘என்’னின் தொடக்கமா, அச்சு இரட்டித்த தடமா என்று பார்க்க வேண்டும். டைலும் டார்ச்சும் இன்னும் மேசையை விட்டு நகரவில்லை. இன்றிரவு பின்பக்கத்துக்குப் பன்னிரண்டு படம்.